முடக்குவாதம்: வாரம் ஒருமுறை மாத்திரையும் தினசரிச் சாப்பாடும்

நேயர்களுக்கு வணக்கம்.

காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடக்கும் முடக்குவாதத்துக்கு, அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸுக்கு, மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதித் தருவது மெத்தோட்ரெக்ஸேட். இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

தவறு எப்படி நேர்கிறது என்றால், இதோடு ஃபோலிக் அமிலமும் எழுதித் தருவார்கள். இரண்டுமே பெரும்பாலும் சிறிய மஞ்சள் மாத்திரைகள். போதாததற்கு, ஃபோலிட்ராக்ஸ் என்பது மெத்தோட்ரெக்ஸேட், ஃபோல்வைட் என்பது ஃபோலிக் அமிலம். பெயரைப் பார்த்து ஒன்றை மற்றொன்றாக எடுத்துவிடுகிறார்கள். அதனால் இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். புதன்கிழமை என்று முடிவு செய்தால், மாதக் காலண்டரில் எல்லாப் புதனையும் வட்டமிட்டு, மாத்திரை போட்டதும் அடித்துவிடுங்கள். 15 மில்லிகிராம் என்றால் 2.5 மில்லிகிராம் மாத்திரை ஆறு. ஆனால் கடையில் 5, 7.5, 10 மில்லிகிராமிலும் கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் அட்டையைப் படித்துப் பார்த்தே வாங்குங்கள்.

தவறுதலாகத் தினமும் சாப்பிட்டுவிட்டால் சில நாட்களில் வாயெல்லாம் புண்ணாகும், காய்ச்சல் வரும், இரத்த அணுக்கள் குறையும். அதுவரை காத்திருக்காமல், தெரிந்த உடனே அட்டையோடு மருத்துவமனைக்குப் போங்கள். முறிவு மருந்து இருக்கிறது; சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். சிறுநீர்த் தொற்றுக்கு செப்ட்ரான், பாக்ட்ரிம் போன்ற கோட்ரைமாக்ஸசோல் மாத்திரைகளைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும். குழந்தை பெற நினைப்பவர்கள் சில மாதம் முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். மது கூடாது.

மாத்திரை போட்ட மறுநாள் குமட்டுகிறது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பாருங்கள். அப்படியும் முடியவில்லை என்றால் தோலுக்கடியில் போடும் ஊசி இருக்கிறது, கேளுங்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை வலியைத் தாங்க முடியாமல் ‘ரெண்டே நாளில் குணம்’ என்று யாரோ தரும் பொடியை வாங்காதீர்கள். முடக்குவாத வலி இரண்டு நாளில் பறந்துபோனால், அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்றுதான் சந்தேகப்பட வேண்டும்.

மருத்துவரே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்திருந்தால் காலைப் பலகாரத்துக்குப் பிறகு சாப்பிடுங்கள்; சில வாரம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. சர்க்கரையை வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் போதாது. இந்த மருந்தால் அது ஏறுவது பிற்பகலில். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

இனி சாப்பாடு. கத்தரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு, புளி, பருப்பு என்று அக்கம்பக்கத்தார் நிறுத்தச் சொல்லும் பட்டியல் நீளும். பருப்பைக் குறைக்கச் சொல்வது யூரிக் அமில நோயான கீல்வாதத்தை நினைத்து. அது வேறு நோய். முடக்குவாதத்தில் தசை வேகமாகக் கரையும். பருப்பையும் முட்டையையும் நிறுத்தினால் மேலும் கரையும். குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிட்டால் மட்டும் மூட்டு வீங்குகிறது என்று தோன்றினால், அதை மட்டும் மூன்று வாரம் விட்டுவிட்டு, பிறகு திரும்பச் சாப்பிட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டால் காரணம் எது என்றே தெரியாது.

சேர்க்க வேண்டியது மத்தி, கானாங்கெளுத்தி. வாரம் இரண்டு முறை, பொரிக்காமல் குழம்பாக. அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு வீக்கத்தை ஓரளவு குறைக்கும், மருந்துக்கு மாற்றாகாது. ஸ்டீராய்டு எலும்பை அரிக்கும் என்பதால் ஒரு நாளைக்குச் சுமார் 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 30 கிராம் கேழ்வரகு மாவில் 100 மில்லிகிராமும், 200 மில்லி பாலில் 240 மில்லிகிராமும் கிடைக்கும். மீதிக்குத் தயிர், கீரை, தேவைப்பட்டால் மாத்திரை. கால்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாகப் போடாதீர்கள், இரும்பு உடலில் சேராது. புகைபிடித்தல் நோயையும் வளர்க்கும், மருந்தின் வேலையையும் கெடுக்கும்.

இரத்தப் பரிசோதனை தொடக்கத்தில் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, நிலைப்பட்ட பிறகு 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை. மாத்திரை போட்ட மறுநாளும் அதற்கடுத்த நாளும் எடுக்காதீர்கள், கல்லீரல் நொதிகளின் அளவு தற்காலிகமாக ஏறிக் காட்டும். புதன்கிழமை மாத்திரை என்றால் திங்கள் அல்லது செவ்வாய் காலையில் இரத்தம் கொடுங்கள். வணக்கம்.