உமிச்சாம்பல்ல பயோடீசல் சுத்தம் ஆகுமா? போட்டுப் பாத்தாச்சு

வணக்கம் மக்களே, ஃபேன் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, மெத்தனால் ஆவி இருக்குற ரூம்ல அத நிறுத்த முடியாது. போன வீடியோல புங்க எண்ணெயோட மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேத்து பயோடீசல் போட்டோம்ல, கிளிசரின் அடியில இறங்கிருச்சு, மேல நின்னத தண்ணி ஊத்தி அலசுனேன், அவ்ளோதான், பாட்டில் முழுக்க மோர் கடைஞ்ச மாதிரி ஆயிருச்சு, மூணு நாளாகியும் பிரியல. புங்க எண்ணெய்ல ஃப்ரீ ஃபேட்டி ஆசிட், அதாவது தனியா பிரிஞ்சு நிக்குற கொழுப்பு அமிலம், ஜாஸ்தி, அது காஸ்டிக் சோடாவோட சேந்து சோப்பாயிடும், சோப்புல தண்ணி விட்டு குலுக்குனா வேற என்ன ஆகும்.

அதனால இந்த தடவ சுத்தம் பண்ண தண்ணியே கிடையாது. ஒரு பாட்டிலுக்கு வாங்குன மெக்னீசியம் சிலிக்கேட், இன்னொண்ணுக்கு ரைஸ் மில்லுல சும்மா குடுத்த உமிச்சாம்பல். டால்கம் பவுடரும் மெக்னீசியம் சிலிக்கேட்தானேன்னு மூஞ்சிக்கு போடுறத கொட்டிராதீங்க, அதுக்கு எண்ணெய்தான் புடிக்கும், சோப்ப புடிக்காது. சாம்பல்ல பெரும்பங்கு சிலிக்கா, சோப்பும் கிளிசரினும் போய் அதுமேல ஒட்டிக்கும், பயோடீசல் தனியா நிக்கும், ஐடியா அவ்ளோதான்.

மொதல்ல மெத்தனால ஓட்டிடணும், இல்லன்னா அது சோப்ப விடாம கரைச்சு வெச்சுக்கும். அப்புறம் 70 டிகிரி சூட்டுல பயோடீசல் எடையில சிலிக்கேட் 1 சதவீதம், சாம்பல் 4 சதவீதம் போட்டு, 20 நிமிஷம் கலக்கி துணியில வடிகட்டுனேன். சிலிக்கேட் சீக்கிரம் வடிஞ்சுருச்சு, கண்ணாடி மாதிரி. சாம்பல் இருக்கே, சாயங்காலம் ஆறு மணிக்கு ஊத்துனது ராத்திரி பத்துக்கும் சொட்டு சொட்டா விழுது, ரெண்டு வேட்டித்துணி கருப்பாயிருச்சு. மில் பாய்லர் சாம்பல்ல வேகாத கரி இருக்கும், அந்த தூசிதான் துணி ஓட்டைய அடைக்குது. ஆனா சோப்பு போயிருச்சான்னு டெஸ்ட் பண்ண கொஞ்சத்த எடுத்து பாட்டில்ல பாதி தண்ணி விட்டு குலுக்குனேன் பாருங்க, ரெண்டுமே நிமிஷத்துல பிரிஞ்சுருச்சு, சாம்பல் பாட்டில்ல மட்டும் நடுவுல ஒரு மெல்லிசு வெள்ளை கோடு, இந்தா, தெரியுதா? கொஞ்சம் சோப்பு மிச்சம் இருக்கு.

சாம்பலுக்கு பதிலா ரெசின், அதாவது அயனிய மாத்திக்கிற குட்டி பிளாஸ்டிக் மணி, போட்டா ஈசிதான், ஆனா அது சோப்புல இருக்குற சோடியத்த புடுங்கிட்டு ஃபேட்டி ஆசிட்ட எண்ணெய்லயே விட்டுடும், ஆசிட் வேல்யூ, அதாவது எவ்ளோ அமிலம் இருக்குங்குற அளவு, ஏறும். பயோடீசல்ல பிரியாம மிச்சம் நிக்குற ஃப்ரீ கிளிசரின் 0.02 சதவீதத்துக்குள்ள இருக்கணும், அத பாட்டில குலுக்கி பாக்க முடியாது, அதனால இத உங்க பைக்ல ஊத்துங்கன்னு நான் சொல்லவே மாட்டேன்.

அப்புறம் எண்ணெய் ஊறுன சாம்பலயும் துணியயும் குப்பையில குவிச்சு போடாதீங்க, தானா சூடேறி பத்திக்க சான்ஸ் இருக்கு. நான் மூடி போட்ட தகர டப்பால வெச்சுருக்கேன், இருங்க, அத வெளிய வெச்சுட்டு வந்துடறேன்.