கூட வந்த பாவத்துக்கு ஒரு கையெழுத்து

வணக்கம். கடன் வாங்கப் போனவர்களுக்குத் தெரியும், ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டி, குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்குவார்கள். கூட வந்த பாவத்துக்கு வீட்டுக்காரரும் நாலு இடத்தில் போட்டுவிட்டு வருவார். அமெரிக்காவில், பல மாநிலங்களில் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் இந்தக் காகிதங்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. அந்த உபரிக் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

லிண்டி பாக்ஸ் கதையைச் சொல்லாமல் நான் இதைப் பேசியதே இல்லை. லூசியானாக்காரர். கணவர் ஹேல் பாக்ஸ் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பெரிய அரசியல் புள்ளி, 1972இல் அலாஸ்காவில் விமானத்தோடு காணாமல் போனார். அவர் இடத்துக்கு இந்த அம்மா ஜெயித்து வந்தார். 1974இல் கடனில் பாகுபாடு கூடாது என்ற மசோதா அம்மா இருந்த நாடாளுமன்றக் குழுவுக்கு வருகிறது, அதில் பெண் என்பதோ கல்யாணமானவர் என்பதோ இல்லை. அம்மா சத்தம் போடவில்லை. அந்த வார்த்தைகளைத் தன் கையால் எழுதி, நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்து, ஏதோ கைத்தவறுதலாக விட்டுப்போயிருக்கும் என்றார். யார் மறுப்பார்கள்? சட்டமும் அந்த வருடமே வந்தது.

சரி, அந்தச் சட்டப்படி விதி என்ன? கேட்பவரின் வருமானமும் கடன் வரலாறும் போதுமென்றால், கணவனோ மனைவியோ கையெழுத்துப் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. வீடு ஈடாக வந்தால் அடமானப் பத்திரத்தில் துணையின் கையெழுத்து தேவைப்படலாம். ஆனால் அடமானப் பத்திரம் வேறு, புரோநோட்டு வேறு. மறுபடியும் சொல்கிறேன், புரோநோட்டு வேறு. அதில் போட்டால் கடனே உங்கள் தலையில்.

பல மாநிலங்களில் தொழில் செய்பவர்கள் சறுக்குவது இங்கேதான். டெக்சாஸ், கலிபோர்னியா, லூசியானா என்று ஒன்பது மாநிலங்களில் கல்யாணத்துக்குப் பின் சம்பாதித்தது பொதுவாக இருவருக்கும் பொது. அங்கே ஈடு வைக்காமல் வாங்கும் கடனுக்குத் துணையின் கையெழுத்தைச் சில சமயம் கேட்கலாம், எப்போதும் அல்ல. அந்தப் பொதுச் சொத்தில் கடனுக்குப் போதுமான அளவை விண்ணப்பித்தவர் தனியாக ஆள முடியாமல், தனிச் சொத்தும் போதாமல் இருந்தால்தான். எங்கள் ஆபீசிலோ டெக்சாஸுக்குச் செய்த படிவத்தை அப்படியே, இந்த ஒன்பதில் இல்லாத ஒஹையோவுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், கேட்டால் கம்ப்யூட்டர் அப்படித்தான் அச்சடிக்கிறது என்பார்கள்!

அப்புறம், கணவரின் கம்பெனிக் கடனுக்கு மனைவி ஜாமீன் போடும் விஷயத்துக்குத்தான் பாதி நேரம் ஒதுக்கியிருந்தேன். ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்: இந்த ஜாமீன் பற்றி மிசௌரி வழக்கு ஒன்று, 2016இல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலு என்று பிரிந்தது, நாட்டுக்கே பொதுவான முடிவு வரவில்லை. அதனால் அந்தச் சட்டம் ஜாமீன்தாரரையும் காக்குமா என்பது, எந்த வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உட்பட்டு இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வணக்கம்.