அற்றுப்போன விலங்குகளின் படங்களை எப்படிப் பார்க்க வேண்டும்?

அனைவருக்கும் வணக்கம். உலகிலிருந்து முற்றாக மறைந்துவிட்ட விலங்குகளின் புகைப்படங்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். டோடோ பறவை 17ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துவிட்டது. பெரிய ஆக் என்ற கடற்பறவையின் கடைசி இணை 1844-இல் ஐஸ்லாந்தை அடுத்த எல்டே தீவில் கொல்லப்பட்டபோது, புகைப்படக் கலை தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவற்றை ஓவியங்களையும், எஞ்சிய எலும்பு, தோல் போன்றவற்றையும் கொண்டே அறிகிறோம். அதன் பின்னர் அழிந்தவற்றுள் மிகச் சில மட்டும் உயிரோடு கேமராவின் முன் நின்றிருக்கின்றன. அந்தப் படங்கள் இணையத்தில் பெரும்பாலும் சோக இசையுடனும் இரண்டு வரி வருத்தத்துடனும் நம்மைக் கடந்துபோகின்றன. வருந்துவதில் தவறில்லை, ஆனால் யார் எடுத்தார், எங்கே எடுத்தார், படத்தில் இருப்பது எந்த விலங்கு என்று கேட்டுப் பார்க்கும்போதுதான் அவை நமக்கு உண்மையாகவே எதையாவது சொல்லத் தொடங்குகின்றன.

திரையில் இப்போது ஓடுவது, 1933 டிசம்பரில் டேவிட் ஃபிளே என்ற இயற்கையியலாளர் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில், ஹோபார்ட் நகரத்துப் போமரிஸ் விலங்குக்காட்சிசாலையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஒலி கிடையாது, நீளம் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். இதில் இருப்பது டாஸ்மேனியப் புலி என்று அழைக்கப்பட்ட தைலசீன். புலி என்பது அதன் முதுகுக் கோடுகளால் வந்த பெயர்தான். உண்மையில் அது கங்காருவைப் போல வயிற்றுப்பையில் குட்டியைச் சுமக்கும் இனத்தைச் சேர்ந்தது. நாயைப் போன்ற தலையும் விறைத்து நீண்ட வாலும் கொண்ட அந்த விலங்கு கூண்டுக்குள் முன்னும் பின்னும் நடக்கிறது, படுக்கிறது, பிறகு நம்ப முடியாத அளவுக்கு வாயைப் பிளந்து கொட்டாவி விடுகிறது. தாடை எவ்வளவு விரியும் என்பதை மண்டையோட்டை அளந்து ஓரளவு கணித்துவிடலாம். ஆனால் அது எந்த வேகத்தில் திரும்பியது, உட்காரும்போது வாலை எங்கே வைத்துக்கொண்டது என்பதையெல்லாம் எந்த எலும்பும் சொல்லாது. படம் எடுத்துக்கொண்டிருந்த ஃபிளேயை அது பின்புறத்தில் கடித்தும் விட்டது. உயிருள்ள தைலசீனைக் காட்டும் படச்சுருள்கள் என்று இன்று அறியப்பட்டவை எல்லாவற்றையும் சேர்த்தாலும் மூன்று நிமிடத்துக்குச் சற்றே மேல் வரும்.

இந்தப் படத்தை "உலகின் கடைசி தைலசீன்" என்ற தலைப்பில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது சரியல்ல. கடைசியாக அறியப்பட்ட தைலசீன் அதே விலங்குக்காட்சிசாலையில் 1936 செப்டம்பர் 7 அன்று இறந்தது. அதன் தோலும் எலும்புகளும் தொலைந்துவிட்டதாகவே பல பத்தாண்டுகள் நம்பப்பட்டது. பின்னர் 2022-இல், அவை டாஸ்மேனிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலேயே முறையாகப் பதிவு செய்யப்படாமல் கிடந்தன என்று தெரியவந்தது. ஆய்வாளர்கள் கண்டறிந்தபடி அது வயது முதிர்ந்த ஒரு பெண் விலங்கு; 1936 மே மாதத்தில்தான் காட்சிசாலைக்கு விற்கப்பட்டது. அப்படியானால் 1933-இல் எடுக்கப்பட்ட இந்தப் படத்தில் இருப்பது அதுவாக இருக்க முடியாது. கடைசி உயிரின் முகத்தைப் பார்த்துவிட்டோம் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். அந்த முதிய பெண் விலங்கோ, யார் கவனத்திலும் பதியாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. தைலசீனுக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது 1936 ஜூலை 10 அன்று, அதாவது அதன் சாவுக்கு 59 நாட்களுக்கு முன்பு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்த படம் 1921-இல் வெளியானது. ஹாரி பர்ரெல் என்ற ஆஸ்திரேலிய இயற்கையியலாளர் எடுத்தது. ஒரு தைலசீன் கோழியைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. பார்த்தவுடன் கோழித் திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டதாகத் தோன்றும். ஆனால் இதன் வெட்டப்படாத வடிவத்தில் சுற்றிலும் வேலியடைத்த அடைப்பு தெரிகிறது. காடு போலக் காட்டுவதற்காக அந்தப் பகுதியை வெட்டியிருக்கிறார்கள். அதற்கு மேலும் ஒரு படி சென்று, இது உயிருள்ள விலங்கே அல்ல, பாடம் செய்து நிறுத்திய உடல் என்ற முடிவுக்கு ஓர் ஆய்வாளர் வந்திருக்கிறார். தைலசீன் ஆடுகளைக் கொல்கிறது என்று சொல்லி 1888 முதல் 1909 வரை டாஸ்மேனிய அரசு, வளர்ந்த விலங்கொன்றுக்கு ஒரு பவுண்டு வீதம் பரிசுப்பணம் கொடுத்தது; 2,184 முறை அந்தப் பணம் வழங்கப்பட்டிருக்கிறது. 2011-இல் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தினர் மண்டையோட்டைக் கணினியில் ஆராய்ந்தபோது, தனியாக வேட்டையாடும் தைலசீனின் தாடை ஆடு போன்ற பெரிய இரையை மடக்கும் அளவுக்கு உறுதியானதாக இல்லை என்று தெரிந்தது. பர்ரெலின் படம் வரும்போது பரிசுத் திட்டம் முடிந்துபோயிருந்தது என்பது உண்மைதான். எனினும் ஏற்கெனவே சுமத்தப்பட்ட பழிக்கு அது கண்கண்ட சாட்சியாக மக்கள் மனத்தில் நின்றுவிட்டது. கேமரா பொய் சொல்லாது என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு படத்தையாவது நிதானமாகப் பார்க்க வேண்டும்.

குவாகாவின் நிலை வேறு. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்த வரிக்குதிரைக்குத் தலையிலும் கழுத்திலும் மட்டுமே கோடுகள் தெளிவாக இருக்கும்; பின்னுடல் பழுப்பாக இருக்கும். உயிரோடு எடுக்கப்பட்டவையாக நமக்குக் கிடைத்துள்ள ஐந்து படங்களும் லண்டன் விலங்குக்காட்சிசாலையில் இருந்த ஒரே பெண் குவாகாவினுடையவை. 1860-களிலும் 1870-ஐ ஒட்டியும் எடுக்கப்பட்டவை. ஓர் இனம் முழுவதன் தோற்றத்துக்கும் அந்த ஒரு விலங்கு பொறுப்பேற்று நிற்கிறது. ஆம்ஸ்டர்டாமில் கடைசி குவாகா 1883 ஆகஸ்ட் 12 அன்று இறந்தபோது, அதுதான் கடைசி என்பது அங்கிருந்தவர்களுக்கே தெரியாது.

இதுவரை பார்த்த எல்லாப் படங்களிலும் வேலியோ சுவரோ இருந்தது. இப்போது வரும் படத்தில் அது இல்லை. 1956-இல் வில்லியம் ரைன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், மெக்சிகோவின் துராங்கோ மாநில மலைக்காட்டில், கோவேறு கழுதையின் மேல் அமர்ந்தபடி கையில் பிடித்த கேமராவால் எடுத்த 85 வினாடி வண்ணப் படம் இது. உலகின் மிகப் பெரிய மரங்கொத்தியான பேரரச மரங்கொத்தியின் ஒரு பெண் பறவை பைன் மரத்தில் ஏறுகிறது, பட்டையைக் கொத்துகிறது, பறந்து செல்கிறது. படம் ஆடுகிறது, தெளிவும் குறைவு. நன்றாக வரவில்லை என்று ரைன் அதை வெளியிடாமலே வைத்திருந்தார். பின்னர் ஆய்வாளர்கள் அதைத் தேடிக் கண்டுபிடித்து, படம் எடுத்த இடத்துக்கே 2010-இல் சென்று பார்த்தார்கள், பறவையைக் காணவில்லை. மரம் வெட்டலுக்கும் வேட்டைக்கும் பிறகு எஞ்சிய காட்டில் அது வாழ்கிறது என்பதற்கு இன்றுவரை உறுதியான சான்று இல்லை. இத்தனைக்கும் அந்தப் பறவையைப் படம்பிடித்த ஒரே பதிவு இதுதான். என் கருத்தில் மேலே பார்த்த தெளிவான படங்களையெல்லாம் விட இது மதிப்புமிக்கது, ஏனென்றால் பறவையோடு அது வாழ்ந்த காடும் இதில் இருக்கிறது.

ஃபிளேயின் படத்துக்கு 2021-இல் ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகத்துக்காக வண்ணம் சேர்த்தார்கள். பாடம் செய்த தோல்களையும் பழைய ஓவியங்களையும் எழுத்துக் குறிப்புகளையும் பார்த்துச் செய்த பொறுப்பான வேலை அது. செய்ததை வெளிப்படையாகவும் அறிவித்தார்கள். இன்று கணினியே உருவாக்கித் தரும் படங்களில் அந்த நேர்மை இருப்பதில்லை. எங்கும் வாழாத ஒரு தைலசீன், யாரும் எடுக்காத ஒரு படத்தில், மிக அழகாக நிற்கிறது; நான்கு பேர் பகிர்ந்ததும் அது வரலாறாகிவிடுகிறது. ஆகவே இத்தகைய படத்தைப் பகிரும்போது எடுத்தவர், ஆண்டு, இடம் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். மூன்றும் கிடைக்காவிட்டால் பகிராமல் விட்டுவிடுங்கள். இந்தக் காணொளியில் காட்டிய ஒவ்வொரு படத்துக்கும் அந்த விவரங்களைக் கீழே எழுதியிருக்கிறேன்.