மேடு இல்லாத ஊரில் எந்த கியர்?

வணக்கம் நேயர்களே. ஃபிரேம் ஓரிடம், வீல் ஓரிடம் என்று பாகம் பாகமாகத் தேடிப்பிடித்து, தன் கையாலேயே ரோடு பைக் கட்டுகிறவர்களுக்கான பேச்சு இது. அதிலும் கியரைப் பற்றி மட்டும்.

இந்த விஷயத்தில் கிடைக்கிற யோசனை பெரும்பாலும் மலையேறுகிறவர்கள் சொல்வது. முன்னால் 50-34 (50 பல், 34 பல் என்று இரண்டு பல்சக்கரம்), பின்னால் 11-32 (11 பல் முதல் 32 பல் வரையிலான பல்சக்கர அடுக்கு) போடு, எதையும் ஏறிவிடலாம் என்பார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுக்கு அது சரிதான். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை மேடு எங்கே இருக்கிறது? ஆற்றுப் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான். நம்மை வாட்டுவது காற்று. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் நாகையிலிருந்து மேற்கே மிதித்துப் பாருங்கள். கீழ்வேளூர், கொரடாச்சேரி என்று ஊருக்குள் நுழைந்தால் வீடுகள் மறைத்து கொஞ்சம் மூச்சு விடலாம், ஊர் முடிந்து வயல் தொடங்கியதும் மறுபடி நெஞ்சில் வந்து மோதும், வேகம் மணிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

இதற்கு வேண்டியது மிக லேசான கியர் இல்லை, நெருக்கமான கியர். 11 வேக கேசட்டில், அதாவது பின்னால் 11 பல்சக்கரம் உள்ள அடுக்கில், 11-32 என்றால் 14 பல்லுக்கு அடுத்தது 16, அதற்கடுத்து 18, பிறகு 20. எதிர்க்காற்றில் 16-இல் கால் வலிக்கும், 18 போட்டால் கால் சும்மா சுற்றும், நடுவில் வேண்டிய 17 அதில் கிடையாது. 12-25 கேசட்டில் 12 முதல் 19 வரை ஒவ்வொரு பல்லாக ஏறும். என் ஓட்டு அதற்குத்தான்.

முன்னால்? நான் ஒரே பல்சக்கரம், 42 பல் என்பேன். கணக்கு எளிது. ரோடு பைக் சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் 2.1 மீட்டர் போகும். 42-ஐப் பின்பல்லால் வகுத்து அதோடு பெருக்கினால் ஒரு மிதிக்கு, அதாவது பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு, எவ்வளவு தூரம் என்று வந்துவிடும். பின்னால் 15 என்றால் கிட்டத்தட்ட 5.9 மீட்டர், நிமிடத்துக்கு 85 மிதி மிதித்தால் மணிக்கு 30 கிலோமீட்டர். 25-இல் 3.5 மீட்டர், மேம்பாலத்துக்குத் தாராளம். 50-க்கு 11 என்பதை நிமிடத்துக்கு 90 மிதித்தால் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் இந்தச் சாலையில் யார் போகப் போகிறார்கள்! முன்னால் ஒரே பல்சக்கரம் என்பதால் முன் டிரெய்லியர் (செயினைப் பல்சக்கரம் மாற்றிப் போடுகிற கருவி), அதன் கேபிள், எல்லாம் மிச்சம். ஆனால் பல் ஒன்றுவிட்டு ஒன்று தடிமனாக இருக்கிற பல்சக்கரமாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் குழியில் குதிக்கும்போது செயின் கழன்றுவிடும்.

அப்புறம், பழைய 8, 9, 10 வேக ஹப்பில் (பின் வீலின் நடுப்பகுதி) 11 வேக ரோடு கேசட் பொதுவாக உட்காராது. ஷிமானோ கம்பெனியின் கியர் லீவருக்கு ஸ்ராம் கம்பெனியின் டிரெய்லியர் போட்டால் பெரும்பாலும் கியர் ஒழுங்காக விழாது, இரண்டும் கேபிளை இழுக்கிற அளவு வேறு. வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொல்லிமலைக்கும் ஒருநாள் போகணும் என்கிறவர்கள் 32 பல் வரை தாங்குகிற பின் டிரெய்லியராக வாங்கி, ஒரு 11-32 கேசட்டைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். செயினை மட்டும் ஆரம்பத்திலேயே 32-க்கு அளந்து வெட்டுங்கள். 25-க்கு வெட்டிய செயின் பெரிய பல்லில் எட்டாமல் இழுத்து டிரெய்லியரையே முறித்துவிடும்.