வாசலில் நிற்கும் கேமரா: போதையிலிருந்து மீளும் பெற்றோரைப் படமாக்குதல்

(திரையில்: லண்டன் தெரு ஒன்று, காலை நேரம். நீதிமன்றக் கட்டடத்தின் வெளிப்புறம் மட்டும்.)

வணக்கம். மதுவுக்கோ போதைப்பொருளுக்கோ அடிமையாகி, பிள்ளைகளைப் பறிகொடுக்கும் நிலைக்கு வந்த பெற்றோர், நீதிமன்றத்தின் துணையோடு மீண்டெழுவதை ஆவணப்படமாக எடுக்கும்போது எழும் கேள்விகளை இந்த வீடியோவில் பார்ப்போம். நமது களம் இங்கிலாந்து.

2008 ஜனவரியில், மாவட்ட நீதிபதி நிக்கோலஸ் கிரைட்டனின் முயற்சியால், லண்டன் வெல்ஸ் தெருவில் பெற்றோரின் போதை, மதுப் பழக்கத்தால் பிள்ளைகளைப் பிரிக்க நேரும் வழக்குகளுக்கான சிறப்புக் குடும்ப நீதிமன்றம் தொடங்கியது. அமெரிக்காவில் 1990களிலிருந்து நடந்துவரும் இத்தகைய நீதிமன்றங்களே இதற்கு முன்மாதிரி. முதல் குழந்தையைப் பிரித்தபின், அடுத்தடுத்துப் பிறக்கும் குழந்தைகளும் அதே தாயிடமிருந்து பிரிக்கப்படும் தொடர்கதையை நிறுத்த வேண்டும் என்பதே நோக்கம். இங்கே வழக்கை முதலிலிருந்து முடிவுவரை ஒரே நீதிபதி நடத்துகிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வழக்கறிஞர்கள் இல்லாமல், பெற்றோரிடம் அவரே நேரடியாகப் பேசுகிறார். மனநல மருத்துவர், சமூகப் பணியாளர், போதை மீட்பு வல்லுநர் ஆகியோர் ஒரே குழுவாகச் செயல்படுகிறார்கள். பெற்றோர் சொல்வதைத் தலைமுடிப் பரிசோதனை போன்றவை சரிபார்க்கின்றன. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், மூன்று சென்டிமீட்டர் முடி ஏறத்தாழ மூன்று மாத வரலாற்றைக் காட்டிவிடும்.

2023இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, இங்கிலாந்தின் இத்தகைய நீதிமன்றங்களில் வழக்கு முடியும்போது 52 விழுக்காட்டுக் குழந்தைகள் தம்மை வளர்த்த பெற்றோரிடமே சேர்ந்தனர். வழக்கமான நடைமுறையில் அது 12.5 விழுக்காடு. ஆனால் இதில் சேர்வது பெற்றோரின் விருப்பம் என்பதால், மாற வேண்டும் என்ற மனமுள்ளவர்களே கூடுதலாக வந்திருக்கக்கூடும். எண்ணைச் சொல்லும் படம் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

(திரையில்: மூடிய கதவின் கோட்டோவியம்.)

இவ்வளவு நடக்கும் அறைக்குள் கேமராவுக்கு இடமில்லை. நீதிமன்றத்துக்குள் படம் எடுப்பதை 1925ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் தடுக்கிறது. நடந்துகொண்டிருக்கும் வழக்கில் தொடர்புள்ள குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி குற்றம். தாயின் முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள்; ஆனால் அவருடைய குரலோ, கையிலுள்ள பச்சைக்குத்தோ, கொடியில் உலரும் பள்ளிச் சீருடையோ பக்கத்து வீட்டுக்காரருக்குப் போதுமானது. விசாரணை முடிந்து வெளியே வரும் தந்தையிடம் "நீதிபதி என்ன கேட்டார்?" என்று மைக்கை நீட்டுவதும் எளிதான வழியல்ல. மூடிய அறையில் நடந்ததை வெளியிடுவது, 1960ஆம் ஆண்டின் சட்டப்படி, நீதிமன்ற அவமதிப்பாகலாம். 2025 ஜனவரி முதல், அங்கீகாரம் பெற்ற செய்தியாளர்கள் குடும்ப நீதிமன்ற வழக்குகளைப் பற்றி எழுத இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் வழி திறந்திருக்கிறது. அதற்கும் நீதிபதியின் உத்தரவு வரம்பிடுகிறது. அது கேமராவுக்கான அனுமதியும் அல்ல.

சட்டத்தைவிடக் கடினமானது ஒப்புதல். போதையை விட்ட முதல் வாரங்களில், தூக்கமும் நிதானமும் குலைந்திருக்கும் ஒருவர் இடும் கையெழுத்தை முழுமையான சம்மதம் என்று என்னால் ஏற்க முடியாது. மறுத்தால் நீதிபதி தவறாக நினைப்பாரோ என்ற அச்சமும் அவருக்கு இருக்கும். ஆகவே படத்துக்கும் வழக்குக்கும் தொடர்பில்லை என்று அவருடைய வழக்கறிஞர் முன்னிலையில் படக்குழு எழுத்தில் தர வேண்டும். படப்பிடிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும், தொகுத்த படத்தைக் காட்டிய பிறகும், சம்மதத்தை மீண்டும் கேட்க வேண்டும். அவர் மறுபடி குடித்துவிட்ட நாளில் கேமராவை அணைத்துவிடுவதே முறை. அந்தப் பதிவு பரபரப்பான காட்சியாக இருக்கலாம். ஆனால் நாளை அது அவருக்கு எதிரான சான்றாகக் கேட்கப்படவும் கூடும். சம்மதம் சொல்லவே இயலாத அந்தக் குழந்தையும் ஒருநாள் வளர்ந்து இதைப் பார்க்கும்.

இத்தகைய வழக்குகளை 26 வாரங்களில் முடிக்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டின் சட்டம் வகுத்தது, தேவையானால் நீட்டிக்கலாம். மீட்சிக்கு அப்படிக் கெடு கிடையாது. குழந்தை வீடு திரும்பும் நாளோடு படத்தை முடிப்பவர்கள், உதவிக்குழு விலகிச் சென்ற பிறகு வரும் தனிமையான மாதங்களைத் தவறவிடுகிறார்கள். என் பார்வையில் படமாக்க வேண்டியவை அந்த மாதங்களே. வழக்கு முடிந்ததும் அடையாளத்துக்கான 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடை விலகினாலும், அறைக்குள் நடந்தவற்றுக்கான 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடை நீடிக்கிறது. எனவே இறுதிப் படத்தொகுப்புக்கு முன் நீதிபதியிடம் அனுமதி கேட்பதற்கான காலத்தையும் செலவையும் தொடக்கத்திலேயே திட்டத்தில் எழுதிவிடுங்கள்.