எந்த ஊகத்தில் தொடங்குவது?

அவையோருக்கு வணக்கம்.

ஒரு காருக்கு பிரேக் வடிவமைக்கும் குழுவை எடுத்துக்கொள்வோம். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் விட்டத்தை முடிவுசெய்பவருக்கு வண்டியின் எடையும், சக்கரத்தின் அளவும், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடின் உராய்வுக் கெழுவும் தெரிந்தாக வேண்டும். பேடுக்குப் பொருள் தேர்பவரோ, டிஸ்க் எவ்வளவு சூடேறும் என்று கேட்பார். அது டிஸ்க்கின் விட்டத்தைப் பொறுத்தது. ஆக, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958இல் உருவான, வேலைகளின் வரிசையை அம்புகளால் காட்டும் பெர்ட் (PERT) வலைப்படத்தில், ஒன்றுக்கொன்று காத்திருக்கும் இத்தகைய சுழலுக்கு இடமே இல்லை; அதில் வேலைகள் முன்னோக்கி மட்டுமே நகரும். டொனால்டு ஸ்டீவர்ட் 1981இல் வெளியிட்ட கட்டுரை, சுழலை மறைக்காமல் ஒரு சதுர அணிக்குள் கொண்டுவந்து காட்டியது.

வேலைகளை நிரைகளாகவும், அதே வரிசையில் நிரல்களாகவும் எழுதி, ஒரு வேலைக்கு வேறெந்த வேலைகளிலிருந்து தகவல் தேவையோ, அதன் நிரையில் அந்தந்த நிரல்களின் கீழ் ஒரு புள்ளி வைக்கிறோம். மூலைவிட்டத்துக்குக் கீழே விழும் புள்ளி, ஏற்கெனவே முடிந்த வேலையிலிருந்து வரும் தகவல். மேலே விழும் புள்ளி, இன்னும் தொடங்காத வேலையிடம் கேட்கும் கடன். புள்ளியற்ற நிரைக்குரிய வேலையை முதலில் வைக்கலாம். நம் குழுவுக்கு வண்டியின் எடை அப்படிப்பட்டது. தூசுத் தடுப்புத் தகட்டுக்காக யாரும் காத்திருப்பதில்லை. அதன் நிரல் வெறுமை, அது கடைசிக்குப் போகட்டும். இப்படி நகர்த்திய பிறகும் மேலே எஞ்சி நிற்கும் புள்ளிகளே உண்மையான சுழல்.

(புள்ளி வைக்கும்போது தகவல் தருபவரைக் கேட்காதீர்கள், பெறுபவரைக் கேளுங்கள். தன் வரைபடம் யார் மேசைக்குப் போகிறது என்பது தருபவருக்குப் பெரும்பாலும் தெரியாது.)

சுழலை எங்கே வெட்டுவது என்பதில்தான் பொறியாளரின் அனுபவம் தேவைப்படுகிறது. வெட்டுவது என்றால், ஒரு மதிப்பை ஊகித்துக்கொண்டு தொடங்குவது. விட்டத்தை ஊகித்து அது தவறிப்போனால் பேடைத் தாங்கி அழுத்தும் காலிப்பரின் இடமும் சேர்ந்தே மாறும். உராய்வுக் கெழுவோ சாதாரண கார் பேடுகளுக்கு ஏறத்தாழ 0.35 முதல் 0.45 வரைக்குள் அடங்கும், 0.4 என்று வைத்துத் தொடங்கினால் பிழை பெரிதாகாது. பேடைச் சோதித்து உண்மை மதிப்பு வந்ததும் விட்டத்தை மறுபடி கணக்கிட வேண்டும். அட்டவணையில் அந்த இரண்டாம் சுற்றுக்கும் நாள் ஒதுக்கியிருக்க வேண்டும். நான் பார்த்த அட்டவணைகளில் பலவற்றில் முதல் சுற்றுக்கு மட்டுமே நாள் இருந்தது.