தராசில் விட்டுவந்த பிளேட்: வியட்நாம் போட்டோ டூர், முதல் பாகம்

வணக்கம். கோத்தகிரியில் நாலு நாளாக விடாமல் மழை. தகரத்தில் விழுகிற சத்தம் மைக்கில் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், கரண்டும் எப்போது போகும் என்று தெரியாது, அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். வியட்நாம் போய்வந்து பத்து நாள் ஆகிறது. எடுத்த படங்களில் பாதியைக்கூட இன்னும் பார்க்கவில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. இதோ, இது தெரிகிறதா? கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன். டிரைபாட் பிளேட். கேமராவுக்கு அடியில் திருகி, டிரைபாட், அதான் கேமராவை நிறுத்துகிற மூன்று கால் ஸ்டாண்டு, அதன் தலையில் சொருகுவோமே, அதுதான். தீப்பெட்டி அளவுகூட இல்லை. எடை 52 கிராம்.

எப்படித் தெரியும் என்று கேட்க மாட்டீர்கள். ஊருக்குக் கிளம்புகிறேன் என்றால் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து நோட்டில் எழுதுவேன் என்பது இங்கே பழைய ஆட்களுக்குத் தெரியும், போன தடவை டூத் பேஸ்டை நிறுத்ததற்கு நீங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்கவில்லை. விமானத்தில் கையோடு 7 கிலோதான் விடுவார்கள், நான் என்ன செய்ய? லென்ஸ், பேட்டரி, சார்ஜர், குடை, பிளேட் என்று எல்லாவற்றையும் நிறுத்து எழுதி டிக் அடித்தேன். டிக் அடித்தேனே தவிர பையில் போடவில்லை. தராசின் மேலேயே விட்டுவிட்டு கோவைக்கு வண்டி ஏறிவிட்டேன்.

அதுவும் எங்கே போய்த் தெரிந்தது என்றால், வியட்நாமின் வடமேற்கு மலையில் இருக்கிற மூ காங் சாயில், விடிகாலை நாலே முக்காலுக்கு, நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, மலை உச்சியில். அந்த இடத்துக்குப் பெயர் மாம் சோய். தாம்பாளத்தில் குவித்த ஒட்டரிசிச் சோறு என்று அர்த்தமாம். வட்ட வட்டமாக வரப்புகள் அடுக்கிய ஒரு குன்று, வியட்நாம் படங்களில் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அதற்கு மேலே போக உள்ளூர்ப் பையன்களின் பைக்கில்தான் ஏற வேண்டும். போக வர 1,00,000 டாங். ஐயோ லட்சமா என்று பதறாதீர்கள், நம் ஒரு ரூபாய்க்கு அங்கே ஏறத்தாழ 300 டாங். ஆனாலும் வாயால் லட்சம் என்று சொல்லும்போது நெஞ்சு ஒரு நிமிடம் நிற்கத்தான் செய்கிறது. சேற்றுப் பாதையில் அந்தப் பையன் ஓட்டிய ஓட்டத்துக்கு, குஞ்சப்பனை வளைவுகளில் நம் மினி பஸ் டிரைவர்கள் எல்லாம் சாமி.

சரி, டிரைபாடை விரித்து கேமராவைக் கவிழ்த்தால் அடியில் வெறும் ஓட்டை. எட்டுப் பேர் குழு, மற்ற ஏழு பேரிடமும் பிளேட் இருக்கிறது, ஒன்றும் என் டிரைபாட் தலையில் உட்காரவில்லை. என்னுடையது பழைய மாடல். மாற்று மாற்று என்று நீங்களே மூன்று வருடமாகச் சொல்கிறீர்கள், நான்தான் கேட்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அன்றைய விடியல் முழுவதையும் கையில் பிடித்து ஆட்டி ஆட்டி எடுத்தேன். பள்ளத்தில் பனி நிரம்பி, அறுப்புக்கு நிற்கிற நெல் மட்டும் மஞ்சள் மஞ்சளாக வெளியே தெரிகிற நேரம். ஒரு படம்கூடத் தேறவில்லை. அம்மாவுக்கு போன் போட்டால், "ஆமா, தராசு மேல என்னமோ இரும்பு கிடந்துச்சு, எடுத்து ஜன்னல்ல வச்சேன், நான் மாவு நிறுக்க வேணாமா" என்கிறார். அது அலுமினியம் அம்மா என்று சொல்ல வாய் வந்தது, விட்டுவிட்டேன்.

காலை எட்டு மணிக்கு ஊருக்குள் இறங்கியதும் ஒரு பைக் மெக்கானிக் கடைக்கு ஓடினேன். இங்கே கொஞ்சம் கவனியுங்கள், படம் எடுக்கிற எல்லாருக்கும் உதவும். கேமராவுக்கு அடியில் இருப்பது கால் இஞ்ச் மரை, 6.35 மில்லிமீட்டர், ஒரு இஞ்சுக்கு 20 சுற்று. எந்த நாட்டில் எந்த கம்பெனி கேமரா வாங்கினாலும் பெரும்பாலும் இதேதான். பைக்கில் இருப்பதெல்லாம் மெட்ரிக் போல்ட். அதில் இதற்குக் கிட்டத்தில் வருவது எம்6, அதாவது 6 மில்லிமீட்டர். உள்ளே போகும், ஆனால் கவ்வாது, லொடலொட என்று ஆடும். அதைவிடப் பெரியது போட்டால் மரையைத் தின்றுவிடும், கேமரா போச்சு. அந்த அண்ணன் ஒரு டப்பா நிறைய போல்ட்டைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். அவருக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியாது, எனக்கு வியட்நாமியம் தெரியாது. ஆனால் மரை இறுகவில்லை என்று தெரிந்ததும் அவர் உதட்டைப் பிதுக்கிய விதம் அப்படியே நம் டானிங்டன் ஜங்ஷன் மெக்கானிக். ஒரு போல்ட்டைக்கூட அழுத்தித் திருகவில்லை, அதற்கே அவருக்குக் கோடி புண்ணியம்.

கடைசியில் என்ன செய்தார் தெரியுமா? பழைய டியூபை எடுத்து விரல் அகலத்துக்கு நீளமாக ஒரு நாடா வெட்டி, கேமராவை டிரைபாட் தலையோடு சேர்த்து எட்டு வடிவத்தில் இழுத்துக் கட்டிவிட்டார். முட்டைக்கோஸ் மூட்டையை ஸ்கூட்டர் கேரியரில் கட்டுவோமே, அதே டியூப் ரப்பர், அதே கட்டு. மறுநாள் காலை இரண்டு விநாடி டைமர் வைத்து, ஷட்டரை ஒரு விநாடி திறந்துவைத்து எடுத்தேன். ஊசி போல வந்திருக்கிறது. திரையில் போடுகிறேன், பாருங்கள், அந்த மூலையில் இருக்கிற குடிசையின் கதவு இடுக்குகூடத் தெரிகிறது. டூர் காசு 1,45,000 ரூபாய், விமானம் தனி. அந்த ஒன்பது நாளைக் காப்பாற்றியது ஒரு பஞ்சர் டியூப். காசு கொடுத்தால் அந்த அண்ணன் வாங்கவில்லை.

இதைச் சொல்ல மறந்துவிட்டேன். இந்தத் தடவை பாக்கெட் பிரிண்டர் ஒன்று கொண்டுபோயிருந்தேன். 212 கிராம். செல்போனிலிருந்து அங்கேயே சின்னப் படமாக அச்சடித்துத் தரும், ஒரு தாளுக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் ஆகிறது, நாற்பது தாள் எடுத்துப் போனேன். முதல் தாள் அந்த மெக்கானிக் அண்ணனுக்கு. வாங்கி, ஊதிக் காயவைத்து, டூல் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டார். இந்தப் பிரிண்டரை ஏன் வாங்கினேன் என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

ஊரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. ஹனோயில் இறங்கி வடமேற்கே ஒரு நாள் முழுக்க வண்டி. மூ காங் சாயில் மட்டும் படிக்கட்டு வயல்கள் ஏறத்தாழ 2,200 ஹெக்டேர், வெட்டிப் பயிர் செய்பவர்கள் ஹ்மோங் மக்கள். மலைத் தலையில் காட்டை விட்டுவைத்து, அங்கே ஊறுகிற தண்ணீரை வாய்க்காலிலும் மூங்கிலிலும் மேல் வயலுக்கு இறக்கி, அங்கிருந்து படிப்படியாகக் கீழே விடுகிறார்கள். வருடத்துக்கு ஒரே போகம். மே, ஜூனில் தண்ணீர் கட்டும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை மஞ்சள். நான் போனது மஞ்சளுக்கு. விசா ஆன்லைனில் 25 டாலர், பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ ஒரு புள்ளி மாறாமல் அப்படியே போடுங்கள், நம் இனிஷியல் குழப்பத்தில் எங்கள் குழுவில் ஒருவர் இரண்டு தடவை பணம் கட்டினார்.

எனக்கு நிஜமாகக் கோபம் வந்த இடம் வேறு. போகிற வழியில் சுவோய் ஸாங் என்று ஒரு மலையூர், 1,300 மீட்டருக்கு மேலே. அங்கே தேயிலை மரம் இருக்கிறது. செடி இல்லை, மரம்! நாம் கவாத்து வெட்டி வெட்டி இடுப்பு உயரத்தில் நிறுத்தி வைத்திருப்பதால் தேயிலை என்றாலே புதர் என்று நினைக்கிறோம், விட்டால் அது பலா மரம் மாதிரி நிற்கும். பல நூறு வருட மரங்கள், அடிமரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பாசி படர்ந்து கிடக்கிறது. ஹ்மோங் பெண்கள் கிளையில் கால் வைத்து ஏறிக் கொழுந்து கிள்ளுகிறார்கள். மொட்டின் மேல் வெள்ளை ரோமம் இருப்பதால் பெயரிலேயே பனி என்று வைத்திருக்கிறார்கள், ஷான் துயெட். தேயிலைக்கு நடுவில் பிறந்தவள் நான், எனக்கு அங்கே ஒரு நாள் வேண்டும். டூர் நடத்தியவர் கொடுத்தது நாற்பது நிமிடம். "லைட் ஃப்ளாட்டாக இருக்கிறது, கிளம்பலாம்" என்கிறார். லைட்டாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், "மரம் ஏறியா? அப்ப கங்காணி எங்க நிப்பான்?" என்று கேட்டார்.

டூ லே பள்ளத்தாக்கில் பச்சை அவல் சாப்பிட்டேன். முற்றாத ஒட்டரிசியை வறுத்து, காலால் மிதிக்கிற உலக்கையில் இடித்துத் தருகிறார்கள். அருமை. சாப்பா எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளைக்காரன் ஊட்டியைப் பிடித்த மாதிரி பிரெஞ்சுக்காரன் பிடித்துக் கட்டிய ஊர், இப்போது ஊட்டி மாதிரியே கட்டடத்துக்கு மேல் கட்டடம். 3,147 மீட்டர் ஃபான்சிபான் உச்சிக்கு 2016இலிருந்து கேபிள் கார் ஓடுகிறது, நான் ஏறவில்லை, தொட்டபெட்டா கூட்டத்தைப் பார்த்தவளுக்கு வேறு உச்சி எதற்கு.

சரி, பிரிண்டரை ஏன் வாங்கினேன் என்ற விஷயத்துக்கு வருகிறேன். நாலாம் நாள் சாயங்காலம். "இன்று கல்ச்சர் ஷூட்" என்று கூட்டிப்போனார்கள். வரப்பு ஓரமாக எங்களை வரிசையாக நிறுத்தி, ஒரு ஹ்மோங் அம்மாவைத் திருவிழா உடை உடுத்தி, முதுகில் கூடை மாட்டி வரப்பில் நடக்கவிட்டார்கள். ஆளுக்கு 50,000 டாங் மாடல் கட்டணம். காலில் பிளாஸ்டிக் செருப்பு போட்டிருந்தார், அதைக் கழற்றச் சொன்னார் டூர்காரர். ஈர வரப்பு, அறுத்த நெல்லின் அடித்தாள் குத்தும். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார், கழற்றவில்லை. எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

எங்கள் குழுவில் ஒருவருக்கு நான் வைத்த பெயர் எழுபது-இருநூறு சார், சாப்பிடும்போதும் அந்த 70-200 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ் கழுத்தில் தொங்கும். "காசு கொடுத்து நடக்கவைத்தால் அது உண்மையான படமா?" என்று என்னிடம் நியாயம் பேசினார். பேசியவரே அந்த அம்மாவை ஆறு தடவை திரும்பத் திரும்ப நடக்கவைத்தார், வெயில் கோணம் சரியில்லையாம். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அம்மா டேன்டீயில், அதாவது தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறித்தவர். இலங்கையிலிருந்து சிறு பிள்ளையாகக் கப்பலில் வந்த குடும்பம், அதெல்லாம் உங்களுக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். ரோட்டோரம் மலையில் நின்றால் கார் நிற்கும், "அம்மா இங்கே பாருங்க, சிரிங்க, கூடையைத் தூக்குங்க" என்பார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். அந்த நேரத்துக்குக் கொழுந்து குறைந்தால் குறைந்ததுதான், நிறுவைக்கு வரும்போது யார் கேட்பார்கள்? எத்தனை பேர் வீட்டில் அம்மாவின் படம் தொங்குகிறதோ, எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. அதனால் காசு கொடுத்து எடுப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நடிப்போ நிஜமோ, நடந்தால் கூலி. பிரிண்டர் வாங்கியதும் இதற்குத்தான்.

எல்லாரும் வண்டி ஏறிய பிறகு அந்த அம்மாவுக்கு ஒரு படம் அச்சடித்துக் கொடுத்தேன். அவர் விரல்கள் நீலம். அவுரிச் சாயம், நகக்கண்ணில் கருநீலமாக ஏறி நிற்கிறது. நம் அம்மாக்களுக்குக் கொழுந்துக் கறை ஏறி விரல் கறுத்துக் கிடக்குமே, அந்த மாதிரி. படத்தை வாங்கி முகத்தைப் பார்க்கவில்லை, உடையைப் பார்க்கவில்லை, கீழே தெரிந்த செருப்பைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் படத்தை மடித்த தலைத்துணிக்குள் செருகிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அதே படத்தை லேப்டாப்பில் அம்மாவுக்குக் காட்டினேன். எனக்கு ரொம்பப் பெருமை. மஞ்சள் வெயில், பின்னால் வரிவரியாக வரப்பு, முதுகில் கூடை. அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார், பார்த்தார். "கூடை காலி" என்றார். எப்படிம்மா தெரியும், உள்ளே தெரியவில்லையே என்றேன். "தோள் வார் தொங்குது பாரு. பாரம் இருந்தா வார் சட்டையில பதியும், கழுத்து முன்னால வரும். இந்தப் பிள்ளை காத்து வாங்கப் போற மாதிரி போகுது." பெரிதாக்கிப் பார்த்தால் வாருக்கும் தோளுக்கும் நடுவில் என் விரல் போகும் இடம் இருக்கிறது. எட்டுப் பேர், எட்டு கேமரா, ஆறு தடவை நடை, ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. "ரெண்டு கிலோ புல்லாவது போட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு மாவு நிறுக்கப் போய்விட்டார்.

அந்தப் படத்தைச் சுவரில் மாட்டலாம் என்று இருந்தேன். இப்போது எப்போது பார்த்தாலும் கூடைதான் தெரிகிறது, என்ன செய்வது என்று நீங்களே சொல்லுங்கள். பாக் ஹா ஞாயிற்றுக்கிழமைச் சந்தை அடுத்த பாகத்தில், அங்கே நான் ஏமாந்த ஒரு விலைக் கதை இருக்கிறது, எம்ப்ராய்டரித் துணி. பிளேட்டைக் கேமராவில் திருகிவிட்டேன், இனி கழற்றுவதில்லை. டியூப் நாடாவையும் டிரைபாட் காலில் சுற்றி வைத்திருக்கிறேன். எடை 38 கிரா... பார்த்தீர்களா, கரண்ட் போய்விட்டது. சரி, வைக்கிறேன்.